பயிற்சி முடிந்தது, பேர் வெட்டியாச்சு

“அப்ப நெசமாவே ஒரு நாள்கூட அந்தப் பொட்டியத் தொறந்து காட்டலியா?”

“தொறக்காம என்னம்மா? டெய்லி தொறக்குறாங்க. சில்வஸ்டர் அண்ணன் அதுலதான் முறுக்கு வச்சிருக்காரு.”

சின்னம்மை சீப்பை மகளின் தலையிலேயே செருகிவிட்டு முன்னால் வந்து முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாளா? கீர்த்தனா சிரிக்கவில்லை.

“ரோட்டு லெவல் பாக்குற மெசின் வைக்கிற பொட்டிதானடி அது?”

“பொட்டி மட்டுந்தாம்மா இருக்கு. மெசின் இன்னைக்குத்தான் வருது. கூடலூர்ல வாடகைக்கு எடுத்திருக்காங்களாம். சோதனைக்கு ஆபீசர் வர்றாருல்ல?”

“அப்ப இத்தன மாசமா நீ என்னதான் கத்துக்கிட்ட?”

“இஞ்சி டீ. நல்லா வருது இப்ப.”

தேவாலாவுக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு அது. பச்சைத் தேயிலை விலை தரைக்கு வந்து ஃபேக்டரி ஷட்டர் இறங்கிய அன்று, இந்த ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வேலை போனது. கொழுந்து பறித்த சின்னம்மை, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய அவள் கணவர் தங்கவேலு, ஃபேக்டரிக்குள் இலை அரைத்துக்கொண்டிருந்த மகன் மனோகரன். ஐ.டி.ஐ.யில் சிவில் படித்து முடித்துவிட்டு எங்கேயும் வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்த கீர்த்தனா நான்காவது.

அந்த நேரத்தில்தான் ரோட்டு வேலை வந்தது. கோயமுத்தூர் காண்ட்ராக்டர் குமாரசாமி எடுத்திருந்தார். சர்க்கார் காண்ட்ராக்ட், அதில் ஒரு நிபந்தனை. மூடிய எஸ்டேட் குடும்பத்துப் பிள்ளை ஒன்றையாவது பயிற்சியாளராகச் சேர்த்து, ஒரு வருஷம் வேலை கற்றுக்கொடுத்து, சான்றிதழ் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் காண்ட்ராக்டரின் பில் பாஸ் ஆகாது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் கீர்த்தனா எந்த ஊர் ரோட்டு ஆபீஸ் வாசலிலும் போய் நிற்கலாம். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

அவளைச் சேர்த்துவிட்டவர் அப்பா. எப்படிச் சேர்த்தார் என்பதுதான் கொடுமை.

தங்கவேலு இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து, வாலிபத்தில் கப்பலேறி வந்தவர். அங்கேயும் சரி, இங்கே வந்து சேர்ந்த எஸ்டேட்டிலும் சரி, அவருக்குத் தெரிந்த வழக்கம் ஒன்றுதான். பிள்ளையின் பேர் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏற வேண்டுமென்றால் அப்பன் பேரை வெட்டிக்கொள்ள வேண்டும். ரோட்டில் தார் கேங்கில் அன்றாடக் கூலிக்கு இருந்தவர், நேரே குமாரசாமியின் முன்னால் போய்க் கை கட்டி நின்று, “தொர, எம் பேர வெட்டிட்டு எம் மக பேரப் போடுங்க” என்றார்.

குமாரசாமிக்கே ஒன்றும் புரியவில்லை. காண்ட்ராக்டில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் வலிய வந்து வேலையை விடுகிறவரிடம் சட்டம் பேச அவருக்கென்ன பைத்தியமா? “அதுக்கென்னுங்க, வெட்டிட்டாப் போச்சு” என்றார். வெட்டியும் விட்டார்.

அன்றிலிருந்து தங்கவேலு வீட்டில். கொதிக்கிற தாரில் நடப்பதற்காகக் காலில் கட்டிக்கொள்ளும் சாக்கு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தினமும் ராத்திரி அதன் கிழிசலைத் தைத்து வைப்பது கீர்த்தனாவின் வேலையாக இருந்தது. இப்போது அதில் சிலந்தி வலை.

“ஏ தொப்பிக்காரி, கெளம்பலையா?” என்று மனோகரன் உள்ளே வந்தான். காலையிலேயே குளித்து, நல்ல பேண்ட் போட்டு, தலை வாரியிருந்தான்.

“நீ எங்கண்ணே மாப்பிள்ள மாதிரி?”

“ஆபீசரு வர்றாருன்னாங்க. வேடிக்க பாக்க.”

“ஆபீசரப் பாக்கவா பவுடரு?”

எப்போதும் பதிலுக்குத் தலையில் குட்டுகிறவன், இன்று குட்டவில்லை. சீப்பை எடுத்து, வாரிய தலையை மறுபடி வாரினான்.

*

சைட்டில் சூப்பர்வைசர் சில்வஸ்டர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். முறுக்குத் தூளும் சீட்டுக்கட்டின் ஜோக்கரும் கீழே விழுந்தன. கூடலூர்க்காரர், பேச்சில் மலையாளம் கலக்கும். கெட்டவர் இல்லை, நல்லவராக இருக்கவும் அவருக்கு நேரமில்லை.

“மோளே, அந்தத் துணியை எடு. எறும்பு உண்டு.”

“அண்ணே, இன்னைக்காச்சும் மெசினப் புடிச்சுப் பாக்கலாமா?”

“இன்னைக்கு நீதானே ஹீரோயின்! பிடிச்சே ஆகணும்.”

ஜீப்பில் இருந்து குமாரசாமி கூப்பிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கூலிக்காரர்களைக்கூட மரியாதை குறையாமல்தான் கூப்பிடுவார். அந்த மரியாதையைக் கேட்டாலே கேங்கில் பாதிப் பேர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள்.

“அம்மிணி, இங்க வாங்க கண்ணு. சாப்ட்டீங்களா?”

“ஆச்சுங்க.”

“ஆபீசர் வந்து கேப்பாருங்க. என்ன கத்துக்கிட்டே, எப்படிச் சொல்லித் தர்றாங்கன்னு. என்ன சொல்லுவீங்க?”

கீர்த்தனா பயிற்சியாளருக்கான மஞ்சள் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜீப் கழுவியதைச் சொல்லவா? டீ போட்டதைச் சொல்லவா?

“நீங்க என்ன சொல்லச் சொல்றீங்க?”

குமாரசாமி சிரித்தார். “படிச்ச புள்ளன்னா படிச்ச புள்ளதான்! எல்லாங் கத்துக்கிட்டேன்னு சொல்லோணும். லெவல் எடுக்கறது, ஜல்லி அளவு, தார்ச் சூடு, எல்லாம். நீங்க ஒழுங்காச் சொன்னீங்கன்னா உங்கப்பாரு பேரைத் திரும்பக் கேங்குல போட்டுடறேன். நாளைக்கே. அந்த மனுசன் ஊட்டுல உக்காந்துட்டு இருக்கறது எனக்கே மனசுக்கு ஆவலீங்க.”

“சத்தியமாங்களா?”

“இன்னைக்குத் திருநீறு பூசியிருக்கறேனுங்க.”

மாறிச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பில் நின்றால் வேலை நிற்கும்; கேங்கில் இருப்பவர்கள் எல்லாரும் அவளுடைய லயத்துச் சனம்.

*

ஆபீசர் இளம் வயதுக்காரர். வண்டியிலிருந்து இறங்கும்போதே வாந்தி வருகிற முகம். மலை வளைவு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஆனாலும் விடாமல் எல்லாவற்றையும் பார்த்தார். பயிற்சியாளர் பெண் என்றதும் முகம் தெளிந்தது.

“வெரி குட். என்னம்மா படிச்சிருக்கே?”

“ஐ.டி.ஐ. சிவில் சார்.”

“இங்கே சொல்லிக் கொடுக்கறாங்களா?”

“எல்லாமே சார். லெவல் எடுக்க, ஜல்லி பாக்க, தார்ச் சூடு பாக்க. எதுவும் மிச்சம் வைக்கல சார்.”

அவ்வளவு சுலபமாக வந்தது பொய். அவளுக்கே ஆச்சரியம். பின்னால் குமாரசாமி மெல்லத் தலையாட்டினார்.

“எங்கே, பார்த்துக் காட்டு.”

வாடகை மெஷின் முக்காலியில் நின்றது. பழைய மாடல். கீர்த்தனா கண்ணை வைத்தாள். இந்த மாதிரி மெஷினில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்பது ஐ.டி.ஐ.யில் படித்ததுதான். தேயிலைச் சரிவு மேலே, வானம் கீழே. நடுவில், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில், தலைகீழாக ஓர் ஆள். வெறுங்கால். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கிறது.

அப்பா. வரவே மாட்டேன் என்றவர், மகள் மெஷின் பார்ப்பதைப் பார்க்க வந்திருக்கிறார்!

“தெரியுதா?”

“நல்லாத் தெரியுது சார். அதோ, எங்கப்பா.”

ஆபீசர் சிரித்துவிட்டார். “அப்பாவும் இங்கேதான் வேலையா?”

“இருந்தாங்க சார். என்னைச் சேக்குறதுக்காகப் பேர வெட்டிக்கிட்டாங்க.”

“எதுக்கு?” ஆபீசர் குமாரசாமியைத் திரும்பிப் பார்த்தார். “அப்படி ஒரு ரூலே இல்லையே. ஒரு வீட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாமே.”

கீர்த்தனாவின் கை மெஷினிலிருந்து நழுவியது. ரூலே இல்லையா? அப்படியென்றால் இத்தனை மாதம் அப்பா வீட்டில் இருந்தது?

“அது அவங்களா ஆசைப்பட்டு நின்னுக்கிட்டதுங்க சார்” என்றார் குமாரசாமி, கொஞ்சமும் அசையாமல். “வயசாயிருச்சுங்களே. நாளையிலிருந்து மறுக்கா வரச் சொல்லிட்டனுங்க.”

“அப்ப சரி” என்றார் ஆபீசர். பயிற்சி நிபந்தனை நல்லபடியாக நிறைவேறியிருப்பதாக அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சூடாக ஏதாவது குடிக்க வளைவுக் கடைக்கு நடந்தார்.

*

அவர் தலை மறைந்ததும் குமாரசாமி மூன்று பேரையும் கூப்பிட்டார். கீர்த்தனா, தங்கவேலு, மனோகரன். அண்ணனை எதற்குக் கூப்பிடுகிறார் என்று கீர்த்தனாவுக்குப் புரியவில்லை.

“சொன்ன சொல்லுல நிக்கற ஆளுங்க நான். தங்கவேலு, நாளைக்கு வந்துருங்க. உங்க பேரு கேங்குல ஏறிருச்சு.”

தங்கவேலு கை கூப்பினார். கீர்த்தனாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பறம் அம்மிணி, அந்தத் தொப்பியைக் கழட்டி அண்ணன்கிட்டக் குடுத்துருங்க.”

“எதுக்குங்க?”

“இனி அவருதாங்க பயிற்சி. உங்க பேரை வெட்டியாச்சு.”

“நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“தப்பா? நல்லாப் படிச்சுட்டீங்க! எல்லாங் கத்துக்கிட்டேன், எதுவும் மிச்சமில்லைன்னு ஆபீசர் முன்னால நீங்களே சொன்னீங்களே. மிச்சமில்லாதவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தர்றதுங்க? பயிற்சி முடிஞ்சுது.”

“அப்ப சர்ட்டிபிகேட்?”

“அது ஒரு வருசம் முடிஞ்சாத்தானுங்களே.”

“பயிற்சிதான் முடிஞ்சிருச்சுன்னீங்க?”

“பயிற்சி முடிஞ்சுதுங்க. வருசம் முடியலீங்களே.”

டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த சில்வஸ்டர் குனிந்தபடியே இருந்தார். நிமிரவே இல்லை.

“அண்ணே” என்றாள் கீர்த்தனா. “நீ சொல்லுண்ணே. எனக்கு வேணாம்னு சொல்லு.”

மனோகரன் ரோட்டைப் பார்த்தான்.

“அவரு என்னத்தைச் சொல்லுவாரு அம்மிணி? ஞாயித்துக்கெழமை தேவாலாவுல என்னை வந்து பாத்ததே அவருதானுங்களே. தார் டின்னும் தூக்கறேன், பயிற்சிச் சம்பளம் போதும்னாரு. கேங்குச் சம்பளத்துல பாதி! எனக்கு வேற என்னங்க வேணும்?”

வேடிக்கை பார்க்கப் போட்ட பவுடர்!

“நீ கல்யாணம் கட்டிப் போயிருவ புள்ள” என்றான் மனோகரன், கடைசியில். “நான் எங்க போவேன்? திருப்பூர்ல பனியன் கம்பெனில நின்னு பாத்தேன், முடியல. எனக்கும் ஏதாச்சும் வேணும்ல?”

“கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேண்ணே.”

“குடுத்திருக்க மாட்ட.”

அது உண்மை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது. தொப்பியோடு திரும்பி, வளைவுக் கடையை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

*

ஆபீசர் பெஞ்சில் உட்கார்ந்து வரக்காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். கடைக்காரர் ராசு, இரண்டு மூன்று லயத்துப் பெண்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள்.

“சார், நான் சொன்னது பொய் சார்.”

“என்னது?”

“எதுவும் சொல்லித் தரல சார். அந்த மெசினே இன்னைக்குத்தான் வந்துச்சு. வாடகை மெசின். நான் டீ போட்டேன், ஜீப்பு கழுவினேன். பொய் சொன்னா அப்பாவுக்கு வேலை தர்றேன்னாரு. சொன்னேன். இப்ப என் பேர வெட்டிட்டாரு சார்.”

ஆபீசர் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. கையெழுத்துப் போட்டு இன்னும் மை காயவில்லையே! அதற்குள் குமாரசாமியும் பின்னால் அப்பாவும் அண்ணனும் வந்து சேர்ந்தார்கள்.

குமாரசாமி ஆபீசரைப் பார்க்கவே இல்லை. தங்கவேலுவைப் பார்த்தார். அவ்வளவுதான்.

“ஏம்ப்பா, உன் பொண்ணுதானே? இது சொல்றது உண்மையா?” என்று கேட்டார் ஆபீசர்.

கீர்த்தனா அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் பயமே இல்லை. தனக்காகப் பேரையே வெட்டிக்கொண்ட மனுஷன்.

தங்கவேலு மகனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வாய் திறந்தார்.

“புள்ளைக்கு மனசு சரியில்லீங்க தொர.”

“அப்பா!”

“காய்ச்சல் வந்து போனதுல இருந்து இப்படித்தான். ஒண்ணு சொல்லும். மாத்திச் சொல்லும். தானே பேசிக்கும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க தொர. அதான் காண்ட்ராக்டர் தொரையே பாத்து, வீட்டுல இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க.”

ஆபீசர் மனோகரனைப் பார்த்தார்.

“நீ யாரு?”

“அண்ணன் சார்.”

“அப்பா சொல்றது சரியா?”

மனோகரன் ஆமென்று தலையை ஆட்டினான்.

ஆபீசரின் முகத்தில் கோபம் போய், இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைக் கீர்த்தனாவால் தாங்க முடியவில்லை. “பாவம். நல்ல டாக்டரா பார்த்துக் காட்டுங்கப்பா. சின்ன வயசு” என்றார். காப்பியை முடித்து வண்டியேறினார்.

“கண்டிப்பாக் காட்டலாமுங்க சார். செலவு என்னோடது” என்றார் குமாரசாமி.

கீர்த்தனா தொப்பியைக் கழற்றினாள். அண்ணனிடம் கொடுக்கவில்லை. அப்பாவின் கையில் வைத்தாள். அவர் யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளட்டும்.

*

அவள் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. கடையில் இருந்த பெண்கள் குறுக்குப் பாதையில் ஏறி முன்னாலேயே வந்துவிட்டார்கள். நேற்றுவரை தன் மகளைக் கணக்குப் பாடத்துக்கு அனுப்பிய பக்கத்து வீட்டுக்காரி, இன்று அவளைக் கண்டதும் மகளை உள்ளே இழுத்துக்கொண்டு, “கீர்த்தி, இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று கதவிடுக்கிலிருந்து கேட்டாள்.

சாயங்காலம் தங்கவேலு வந்ததும் சின்னம்மை வாசலிலேயே மறித்தாள்.

“எம் மக பைத்தியமா?”

“ரெண்டு பேருக்கு வேல கெடச்சிருக்கு சின்னம்ம. ஆபீசரு எழுதினத மாத்தியிருந்தா, லயமே நாளைக்குப் பட்டினி.”

“எம் மக பைத்தியமான்னு கேட்டேன்.”

“எனக்கு வாயில வேற வரல.”

“இவள இனி எவன் வேலைக்கு வைப்பான்? எவன் கட்டுவான்?”

மனோகரன் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். வெளியே மழை ஓங்கிப் பிடித்தது. சின்னம்மை மூன்று தட்டை எடுத்து வைத்தாள். அப்புறம் நான்காவது தட்டையும் வைத்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவிய தங்கவேலு, கதவுக்குப் பின்னால் போனார். ஆணியில் இருந்து சாக்கை எடுத்து உதறினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடிப்பக்கம் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது, எலி கடித்திருக்கும். அந்தக் கிழிசலோடு கட்டிக்கொண்டு தாரில் இறங்கினால், பாதத்தின் தோல் தாரோடு போய்விடும்.

அவருக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. சின்னம்மைக்கும் தெரியாது.

மகளின் முன்னால் வந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கை அவள் மடியருகே மெதுவாக நகர்த்தினார்.

“நாளைக்கு வேலைக்குப் போவணும் புள்ள.”

கீர்த்தனா சாக்கைப் பார்த்தாள். அப்பாவின் வெறும் பாதங்களைப் பார்த்தாள். பழைய தார்க் காயங்கள் கறுப்பாக இருந்தன. ஒவ்வொன்றும் எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியும். மருந்து போட்டது அவள்தான்.

ஊசி, அவள் தலைக்கு மேலே காலண்டரில்தான் குத்தியிருக்கிறது. கை நீட்டினால் எட்டும்.

நீங்கள் கீர்த்தனாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்தச் சாக்கைத் தைத்துக் கொடுப்பீர்களா, அல்லது அவர் அப்படியே போய்த் தாரில் நிற்கட்டும் என்று விட்டுவிடுவீர்களா? நிஜமாகவே கேட்கிறேன், சொல்லுங்களேன்?